விசிட்டர் பார்க்கிங்கில் நின்ற காரைத் தூக்கிக்கொண்டு போனால் சட்டப்படி சரியா?

கேள்வி, ஜனவரி 12, காலை

நேற்று ராத்திரி நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சன்னிவேல் பக்கம், பெரிய அப்பார்ட்மென்ட். 'விசிட்டர்' என்று பெயின்ட் அடித்த இடத்தில்தான் காரை விட்டேன். பதினொரு மணிக்கு இறங்கி வந்து பார்த்தால் கார் இல்லை. திருடு போய்விட்டது என்று போலீசுக்குப் போன் செய்தால், அவர்கள்தான் டோ ஆகியிருக்கிறது, அதாவது டிரக் வந்து இழுத்துப் போயிருக்கிறது என்று சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார்கள். விசிட்டராக இருந்தாலும் ஆபீசில் பர்மிட் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட வேண்டுமாம். ஆபீஸ் ஐந்து மணிக்கே பூட்டிவிடுகிறது! 600 டாலருக்குப் பக்கத்தில் கட்டி மீட்டு வந்தேன். கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? பணம் திரும்பக் கிடைக்க வழி இருந்தால் சொல்லுங்கள் அண்ணா.

ஜனவரி 12, மதியம்

தம்பி, தனியார் இடத்திலிருந்து காரை எடுத்துப்போக இங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எப்படி எடுக்க வேண்டும் என்று அதே சட்டம் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அந்தப் பக்கங்களை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. வாகனச் சட்டம் 22658-வது பிரிவு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படிக்க முடியாது, ஆனால் 600 டாலருக்குப் படிக்கலாம்.

பர்மிட் விதி அநியாயமா, ஆபீஸ் ஏன் ஐந்து மணிக்கு மூடுகிறது என்பதையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதில் வாதாடினால் தோற்பீர்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் காரை எடுக்கச் சொல்லி யார் கையெழுத்துப் போட்டார்கள்? அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா?

ஜனவரி 12, இரவு

'எந்தத் தாள்?' என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பார்ட்மென்ட் நிர்வாகமும் டோ கம்பெனியும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்த ஒப்பந்தம் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு காருக்கும் தனியாக எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இட உரிமையாளரோ அவருடைய ஆளோ காரை எடுக்கும் நேரத்தில் அங்கே நேரில் நின்று, விதிமீறலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்தத் தாளில் காரின் மேக், மாடல், நம்பர், எதற்காக எடுக்கிறார்கள், முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு அனுமதி கொடுத்தார்கள் எல்லாம் வேண்டும். கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, முகவரி, போன் நம்பரும் வேண்டும். இதன் நகலை நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். முன்பே என்பதைக் கவனியுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. 15 வீடுகளோ அதற்குக் குறைவாகவோ இருக்கிற வாடகைக் கட்டடம், மேனேஜர் யாரும் அங்கே இல்லை என்றால், தன் இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டதாக வாடகைக்காரரே கோரிக்கை கொடுக்கலாம். அப்போது நேரில் ஆள் நிற்கத் தேவையில்லை. உங்கள் நண்பர் இருப்பது பெரிய வளாகம், அதனால் இது பொருந்தாது.

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு மேனேஜர் பார்க்கிங் லாட்டில் இறங்கி வந்து நின்று கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை.

என் கார் போனபோது, டோ கம்பெனி கார்களை அடைத்துவைக்கும் யார்டில் நடந்ததைச் சொல்கிறேன். ரயில் பாதைக்குப் பின்னால், கம்பிவேலி போட்ட இடம். ஒரு கன்டெய்னரை வெட்டி ஜன்னல் வைத்திருந்தார்கள். தடிக் கண்ணாடி, கீழே ஒரு கை மட்டும் நுழைகிற இடுக்கு. அந்த இடுக்கு வழியாக ரசீது வந்தது. 'அனுமதித்தவர்' என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. மற்றதெல்லாம் நீல மையில் எழுதியிருக்க, அது மட்டும் வெளிறிய கறுப்பு, கோடு ஓரத்தில் கொஞ்சம் சாய்வாக. விரலால் தடவிப் பார்த்தேன், பேனா அழுத்திய தடமே இல்லை. வெற்றுப் படிவத்தில் ஒரு தடவை கையெழுத்து வாங்கி, கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்து டிரைவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கார் நம்பரை டிரைவர் நிரப்பியிருக்கிறார். 'முதலில் பார்த்த நேரம்' என்ற இடம் காலி.

அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்தேன். மேற்கொண்டு நடந்ததெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான்.

ஜனவரி 13, காலை

இன்னொன்று விட்டுப்போனது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் 'கேஷ் மட்டும்' என்றார். சட்டப்படி கிரெடிட் கார்டும் வாங்கியாக வேண்டும், இரண்டும் வாங்குவோம் என்று போர்டும் வைக்க வேண்டும். மறுத்தால் கட்டணத்தில் நான்கு மடங்கு, 500 டாலருக்கு மிகாமல், தண்டம். இதில் எனக்குப் பிடித்த வரி வேறு: வேலை நேரத்தில் யார்டில் போதுமான சில்லறை வைத்திருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். சட்டசபையில் யாரோ ஒருவருக்கு நூறு டாலர் நோட்டை நீட்டிவிட்டு மிச்சம் வராமல் நின்ற அனுபவம் நிச்சயம் இருந்திருக்கும்.

ஜனவரி 13, இரவு

'காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் தொட முடியாது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டம் சொல்வது அதைவிட நமக்குச் சாதகமானது. கார் அந்த வளாகத்தை விட்டு வெளியேறி ரோட்டுக்குப் போகும்வரை அது டோ கம்பெனியின் வசம் வந்ததாகவே கணக்கில்லை. அதற்குள் நீங்கள் வந்து கேட்டுவிட்டால், கொக்கி மாட்டியிருந்தாலும், முன் சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும், உடனே நிபந்தனை இல்லாமல் இறக்க வேண்டும். இறக்க மறுத்தால் அது கிரிமினல் குற்றம்.

'அப்படியானால் அந்த டிரைவர் என்னிடம் பாதிக் காசு கேட்டது?' என்று கேட்பீர்கள். மாட்டிய பிறகு வந்தால் வழக்கமான டோ கட்டணத்தில் பாதி வரை வசூலிக்கலாம் என்று அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது: பில் போடலாம், ஆனால் பணத்தைக் கையில் வைத்தால்தான் இறக்குவேன் என்று காரைப் பிணையாகப் பிடிக்கக்கூடாது. நான் வக்கீல் இல்லை, ஆனால் 'நிபந்தனை இல்லாமல்' என்பதற்கு வேறு அர்த்தம் எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது? உங்களைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் கூட்டுவார். வளாகத்தின் வாசலைத் தாண்டிவிட்டால் முழுக் கட்டணம். தயவுசெய்து டிரக் முன்னால் போய் நிற்காதீர்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, 'நான் ஓனர், இறக்குங்கள்' என்று சத்தமாகச் சொல்லுங்கள். கார் எந்த இடத்தில் இருந்தது, நீங்கள் கேட்டீர்களா என்ற இரண்டும் வீடியோவில் விழுந்தால் போதும்.

போலீஸ் வந்து 'இது சிவில் விவகாரம்' என்று கையை விரிப்பார்கள். பலருக்கும் நடக்கிறது. 22658, ஜி உட்பிரிவு, மிஸ்டிமீனர் (சிறு கிரிமினல் குற்றம்) என்று நிதானமாகச் சொன்னால் சிலர் போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார்கள்.

ஜனவரி 15

இங்கே நிறுத்தினால் காரை எடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கும் போர்டு பற்றி. தம்பி, நண்பரை அளக்கும் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்களா? வளாகத்தின் எல்லா நுழைவாயில்களிலும் 17-க்கு 22 அங்குலத்துக்குக் குறையாத பலகை, எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. உள்ளூர் போக்குவரத்துப் போலீஸ் நம்பரும், ஒப்பந்தம் செய்த டோ கம்பெனியின் பெயரும் நம்பரும் அதில் இருக்க வேண்டும். பல இடங்களில் மெயின் கேட்டில் பளபளவென்று ஒரு போர்டு இருக்கும், பின்பக்கச் சந்து வழியாக வந்தால் ஒன்றுமே இருக்காது. இல்லையென்றால் செவ்வரளிப் புதர் மூடியிருக்கும். புதரையும் சேர்த்துப் படம் எடுங்கள். நாளைக்கே வெட்டிவிடுவார்கள்.

ஆனால் இங்கே ஒருவர் எழுதியது போல 'போர்டு இல்லையென்றால் டோ செல்லாது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. போர்டு ஒரு வழி. பார்க்கிங் விதிமீறலுக்கு டிக்கெட் ஒட்டி 96 மணி நேரம் ஆகியும் கார் அங்கேயே நின்றால் எடுக்கலாம். எஞ்சின், டயர் என்று முக்கியமான பாகம் இல்லாமல் ஓடாத நிலையில் கிடக்கும் காருக்குப் போலீசிடம் சொல்லி 24 மணி நேரம் காத்திருந்துவிட்டு எடுக்கலாம். ஒரு ராத்திரி விருந்துக்கு நின்ற உங்கள் காருக்கு இவை எதுவும் ஒட்டாது என்பதால், உங்கள் விஷயத்தில் போர்டு முக்கியம்தான்.

கடைகளின் இலவசப் பார்க்கிங்குக்குத் தனி விதி உண்டு, அதே வாகனச் சட்டத்தின் 22953-வது பிரிவு. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடத்தில் கார் நின்று ஒரு மணி நேரம் ஆவதற்குள் எடுக்கக்கூடாது. காபிக் கடை முன்னால் விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்கு ஒருவர் நடந்து போவதையே பார்த்துக்கொண்டு ஓரமாக ஒரு டிரக் காத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார்கள். அது இந்த விதிக்கு நேர் விரோதம். குடியிருப்பு வளாகத்துக்கு இந்த ஒரு மணி நேரம் கிடையாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி 16

தீயணைப்பு வண்டிக்காகக் காலியாக வைக்கும் ஃபயர் லேனில் நிறுத்திவிட்டு வந்து இங்கே புலம்புகிறவருக்கு: என்னிடம் அனுதாபம் இல்லை. தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள், ஃபயர் லேனில், வாசலை மறித்து என்ற மூன்று நிலைமைகளில் மட்டும் டோ கம்பெனி யாரையும் எழுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. முன்கூட்டிய ஒப்பந்தத்தில் கொடுத்த பொது அனுமதி போதும். எடுப்பதற்கு முன் மீறல் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்திருக்க வேண்டும், அதை உங்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். போட்டோவைக் கேளுங்கள். சிவப்புக் கோட்டின் மேல் உங்கள் டயர் இருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போங்கள்.

ஜனவரி 19

'இவ்வளவு கொள்ளை நடக்கிறது, ஏன் ஒரே அடியாகத் தடை செய்யவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் தேடப் போய், விமானச் சட்டத்தில் போய் நின்றேன். கதை சுவாரசியமானது, அவசரம் இருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

1978-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விமானக் கம்பெனிகளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 'விலை, வழித்தடம், சேவை' தொடர்பாக மாநிலங்கள் சட்டம் போடக்கூடாது என்று ஒரு வாசகம். 1994-ல் லாரித் தொழிலுக்கும் அதே வாசகத்தை எடுத்து ஒட்டினார்கள். டோ டிரக்கும் ஒரு லாரிதானே! நகராட்சிகள் போட்டுவைத்திருந்த டோ விதிகளை எல்லாம் கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு இழுத்தன. வண்டியை இழுப்பவர்களுக்கு இது கைவந்த கலை.

அடுத்த ஆண்டே, 1995-ல், காங்கிரஸ் ஒரு திருத்தம் செய்தது. ஓனர் சம்மதம் இல்லாமல் எடுக்கும் டோவுக்கு மாநிலங்கள் கட்டண வரம்பு வைக்கலாம் என்றது. 2002-ல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரம் தொடர்பான வழக்கில், பாதுகாப்பு சார்ந்த விதிகளை நகராட்சிகளும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் இரண்டு நடந்தன: இட உரிமையாளர் எழுத்துமூலம் அனுமதிக்க வேண்டும், நேரில் இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் கேட்கலாம் என காங்கிரஸ் தெளிவாக எழுதியது. நான் மேலே சொன்ன கலிஃபோர்னியாவின் நேரில் நிற்கும் விதி செல்லும் என்று கலிஃபோர்னியாவையும் உள்ளடக்கிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஒன்பதாம் சர்க்யூட்டும் தீர்ப்புச் சொன்னது.

மனதில் நிற்பது 2013 வழக்குதான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், 2007 பனிக்காலம். பனி வாருவதற்காக வளாகத்தில் கார்களை நகர்த்தச் சொன்னார்கள். ஒருவர் படுத்த படுக்கையாக இருந்ததால் நகர்த்தவில்லை. கார் போயிற்று. அவர் மருத்துவமனையில் பாதத்தை இழந்து, மாரடைப்பு வந்து, பிழைத்துத் திரும்புவதற்குள் டோ கம்பெனி காரையே கைமாற்றிவிட்டது. அவருக்கு ஒரு சல்லிக்காசு தரவில்லை. அவர் வழக்குப் போட்டால், 'நாங்கள் லாரிக் கம்பெனி, மாநிலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று அந்தப் பழைய விமான வாசகத்தைத் தூக்கிக் காட்டினார்கள். நிறுத்தி வைத்த காரை விற்பது சரக்குப் போக்குவரத்து ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது.

ஜனவரி 20

ஆமாம், அவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம்தான். படித்தவர்களுக்கு நன்றி, படிக்காதவர்கள் மேல் வருத்தமில்லை.

ஜனவரி 24

பணம் விஷயத்துக்கு வருவோம்.

கட்டணம் அவர்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. உள்ளூர் போலீசோ நெடுஞ்சாலை ரோந்துப் போலீசோ தங்களுக்கு வேலை செய்யும் டோ வண்டிகளுக்கு அங்கீகரித்த விலைதான் உச்சவரம்பு. போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள். 24 மணி நேரத்துக்குள் காரை எடுத்துவிட்டால், நடுவில் நள்ளிரவு கடந்தாலும் ஒரு நாள் ஸ்டோரேஜ், அதாவது காரை வைத்திருந்த வாடகைதான். தம்பி அனுப்பிய ரசீதில் 'இரண்டு நாள்' என்று போட்டிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு உள்ளே போன கார் ஒரு மணிக்கு வெளியே வந்திருக்கிறது! வேலை நேரத்துக்குப் பிறகு கேட் திறக்கக் கட்டணம் உண்டு, ஆனால் அது மணிக்கு டோ கட்டணத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

அதிகமாக வாங்கியிருந்தால் டோ கம்பெனி நான்கு மடங்கு பொறுப்பு. போர்டு முதலான மேலே சொன்ன வழிகள் எதற்கும் உட்படாமல் எடுக்கச் சொல்லியிருந்தால் இட உரிமையாளர் டோ, ஸ்டோரேஜ் கட்டணத்தில் இரண்டு மடங்கு பொறுப்பு. எங்கே கேட்பது? சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில். தனிநபருக்கு 12,500 டாலர் வரை. வக்கீல் வைக்கவே கூடாது, அதனால் எதிர்த்தரப்பும் நீங்களும் ஒரே தரைதான். 1,500 டாலர் வரையிலான வழக்குக்கு 30 டாலர் கட்டணம். கார்டில் கட்டியவர்கள் அந்தக் கட்டணத்தை மறுத்துப் பாங்கிடம் டிஸ்பியூட் போடலாமே என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 'கார் திரும்பக் கிடைத்ததா?' என்று கேட்பார்கள், கிடைத்தது என்பீர்கள், முடிந்தது.

யார் மேல் போடுவது என்பதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. என் கார் போன ராத்திரி எனக்கு டிரைவர் மேல்தான் ஆத்திரம். இப்போது யோசித்தால், பல இடங்களில் அவருக்குக் காருக்கு இவ்வளவு என்று கமிஷன், தூக்கினால்தான் சோறு. டோ கம்பெனியும் கூப்பிட்டால்தான் வர முடியும். கூப்பிடும் அதிகாரம் அப்பார்ட்மென்ட் நிர்வாகத்திடம். டோ கம்பெனியிடம் நிர்வாகம் காசு வாங்கக்கூடாது, அதற்கு வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, 12110. ஆனால் பார்க்கிங்கைக் கண்காணிக்கும் வேலை அவர்களுக்கு ஓசியில் நடக்கிறது. ஒரு செக்யூரிட்டி சம்பளம் மிச்சம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அந்த ஓசிக்கான விலை.

ஆகவே கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள், ஆனால் நிர்வாகத்துக்கு அனுப்புவதில் அந்தக் கையெழுத்து நகலை இணையுங்கள். 'ராத்திரி 10:40-க்கு உங்கள் மேனேஜர் நேரில் இருந்தாரா?' என்று ஒரே ஒரு கேள்வி போதும். எனக்கு முழுப் பணமும் செக்காக வந்தது, விளக்கம் ஏதும் வரவில்லை. கோர்ட் வரை போகவில்லை.

ஜனவரி 25

டெக்சஸிலிருந்து கேட்டவருக்கு: அங்கே வழி வேறு. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற உள்ளூர்ச் சிறு கோர்ட்டில் 'டோ ஹியரிங்' (டோ பற்றிய விசாரணை) என்றே ஒன்று இருக்கிறது. கார் எடுக்கப்பட்டதிலிருந்து 14-வது நாளுக்கு முன் எழுத்துமூலம் கேட்க வேண்டும், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் சேராது. யோசித்துக்கொண்டே நாளைத் தள்ளாதீர்கள். மேலே எழுதிய கலிஃபோர்னியா எண்களை அங்கே போய்ச் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

பிப்ரவரி 2

இப்போது மறுபக்கக் கேள்வி வந்திருக்கிறது. 'என் வீட்டு டிரைவ்வேயில் (ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையில்) யாரோ காரை விட்டுப் போய்விட்டார், நான் டோ கூப்பிடலாமா?'

கார் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ரோட்டில் நின்று உங்கள் டிரைவ்வே வாயை மறித்தால் அது பொது இடம். நகரப் பார்க்கிங் பிரிவையோ போலீசின் அவசரமற்ற எண்ணையோ கூப்பிடுங்கள், அவர்கள் டிக்கெட் போட்டு எடுக்கச் செய்வார்கள். நீங்களாகத் தனியார் டிரக்கை வரவழைக்கக்கூடாது. கார் உங்கள் டிரைவ்வேக்குள்ளேயே நின்று, அது தனி வீடாகவும் இருந்தால், போர்டு இல்லாமலே எடுக்கச் சொல்லலாம். ஆனால் இந்த முறை அந்தத் தாளில் இருக்கப்போவது உங்கள் பெயர், உங்கள் முகவரி, உங்கள் போன் நம்பர். தப்பாகப் போனால் பொறுப்பும் உங்கள் தலையில். எனவே கார் முழுதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி 'இது உங்கள் விருந்தாளி காரா?' என்று கேளுங்கள், அப்புறம் போன் போடுங்கள். டிரக் வரும்போது வெளியே வந்து நில்லுங்கள். நேரத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.